எங்களுக்கு முன்னால் பாடியவர்கள்

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் கடையைத் திறந்து ஜெராக்ஸ் மெஷின் சூடேறுவதற்குள் கொடை கமிட்டிச் செயலாளர் இசக்கிமுத்து வந்து நின்றார். மேலப்புளியூர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் இருபத்திரண்டு வருஷமாகக் கச்சேரி நம்முடையதுதான். போஸ்டரில் 'நயினார் மெல்லிசைக் குழு' என்று போட்டால் போதும், கீழே வேறு எதுவும் எழுத வேண்டாம். அந்தத் தைரியத்தில் டீ சொல்லி உட்கார வைத்தேன்.

"அண்ணாச்சி, இந்தத் தடவ ஒங்களுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் புதுக் குழு ஒண்ணு பாடட்டும்னு கமிட்டியில பேசிக்கிடுதாவ. தறிச்சத்தம்னு பேரு. நம்ம ஊருப் பிள்ளைகதான், நாலு பேரு. ஜெபசெல்வின்னு ஒரு நர்ஸு பிள்ளை கிடார் வாசிச்சுப் பாடுது."

பெயரைக் கேட்டதுமே சிரிப்பு வந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தறிச் சத்தத்தில் காது அடைத்துப்போனவன், கொடைக்கும் அதையே கேட்க வருவானா என்ன. சரி, கூட்டம் சேருகிற வரைக்கும் யாராவது சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் நமக்கும் வசதிதான் என்று பெருந்தன்மையாகச் சம்மதித்தேன். டீக் காசையும் நானே கொடுத்தேன்.

சிலிண்டருக்குப் பதிந்தாயிற்று. வீட்டுக்காரி பிரமுவுக்கு முழங்கால் தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கடை மாடியில் ஒத்திகை. நம் தொழிலில் ஒரு முறை உண்டு. பெரிய குழு பாடப்போகும் பாட்டை முன்னால் பாடுகிறவர்கள் தொடக்கூடாது. அதற்காகப் பட்டியல் எழுதி முன்கூட்டியே அனுப்புவது வழக்கம். நானும் எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் வடிவு அதை வாங்கிப் பார்த்தாள்.

வடிவு என்கிற சண்முகவடிவுதான் பதினாலு வருஷமாக நம் குழுவின் பெண்குரல். பகலில் அங்கன்வாடி டீச்சர். சுருதி பிசகாது, நேரம் பிசகாது, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாள். இன்று பேசினாள்.

"அண்ணாச்சி, நாம இருவத்தஞ்சு பாட்டுதான பாடுதோம். இதுல நூத்தி நாப்பது இருக்கு."

"ரசிகன் எதைக் கேப்பான்னு யாரு கண்டா? எல்லாம் கைவசம் இருக்கணும்லா."

"அப்ப அந்தப் பிள்ளைக என்னத்தப் பாடும்?"

"கிடார் இருக்குல்லா. வாசிக்கட்டும்."

டிரம்ஸ் செல்லையா சிரித்தான். வடிவு சிரிக்கவில்லை. தலைவலியாக இருக்கும். நான் பொறாமைக்காரன் இல்லை. நாலு பிள்ளைகளைப் பார்த்து இந்த வயதில் எனக்கு என்ன பொறாமை? ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

மே 3, சனி

தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. பிரமு தெருக்குழாயில் நாலு குடம் பிடித்தாள். தொண்டைக்காக நான் கனம் தூக்குவதில்லை.

மே 8, வியாழன்

நேற்றைய கச்சேரியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் இது உள்ளே கிடந்து அறுக்கும்.

ஆறரைக்கு மேடைக்குப் பின்னால் பட்டுச் சட்டையோடு நின்றிருந்தேன். தறிச்சத்தம் வந்தது. ஜெபசெல்வி ஆஸ்பத்திரி டூட்டி முடித்து நேராக வந்திருப்பாள் போல, சாதாரணச் சுடிதார், தலைகூடச் சரியாக வாரவில்லை. மைக்செட் நம்முடையது, அதை இயக்குகிற ஆளும் நம் ஆள். முன்னால் பாடுகிறவர்களுக்குச் சத்தத்தைப் பாதியாக வைப்பது எல்லாரும் செய்வதுதான், நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கண்ணைக் காட்டினேன், குறைத்தான்.

அந்தப் பெண் மைக்கில் சொன்னாள்: "எங்களுக்கு ஒரு லிஸ்ட் வந்துச்சு. அதுல இல்லாத பாட்டு எதுன்னு நாலு பேரும் ஒக்காந்து யோசிச்சோம். ஒண்ணும் தோணல. அதனால சொந்தமாவே பாட்டுக் கட்டிட்டோம்."

கூட்டம் சிரித்தது. அவள் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் தேவலை.

முதல் பாட்டு, கரண்டு போனால் தறிக்காரன் என்ன செய்வான் என்று. குறை கண்டுபிடித்தேன், கிடாரில் ஒரு கம்பி சுருதி இறங்கியிருந்தது. இரண்டாவது, நிற்காமல் போகிற மினிபஸ்ஸைப் பற்றி. நம் ஊர் டிரைவர் பெயரையே சொல்லித் திட்டிப் பாடினார்கள். ஜனம் கைகொட்டிச் சிரித்தது. அதிலும் ஏதோ குறை கண்டுபிடித்தேன், இப்போது நினைவில்லை. சத்தம் குறைவாக இருந்ததால் பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடலை விற்கிறவன் சட்டியைத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கரண்டியும் கையுமாக நின்றான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மைதானத்தில் நான் அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. நாம் பாடும்போது அந்தச் சட்டி ஒரு நாளும் நின்றது கிடையாது.

கடைசிப் பாட்டு பால்வாடியில் விட்ட ஒரு குழந்தையைப் பற்றி. சாயங்காலமாகிவிட்டது, மற்றப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், இவளைக் கூப்பிட அம்மா இன்னும் வரவில்லை.

எல்லாச் செருப்பும் போயாச்சு
என் செருப்பு மட்டும் வாசல்ல

இவ்வளவுதான் பல்லவி. இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மெட்டு மேலே போகும் என்று நான் எதிர்பார்த்த இடத்தில் அது போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது, அந்தக் குழந்தை மாதிரியே. மேடைப் புகை எனக்கு எப்போதும் கண்ணுக்கு ஆகாது. நேற்று யாரும் புகை போடவில்லை என்பதும் உண்மைதான்.

நன்றாக இருந்தது. எழுதிவிட்டேன். என் தொண்டை இதுவரைக்கும் பாடியதில் ஒரு பாட்டாவது இப்படி எவனையாவது நிறுத்தியிருக்குமா என்று நினைத்தேன். வயிறு எரிந்தது. திரும்பிப் பார்த்தால் வடிவு பக்கத்தில் நின்று, உதட்டை மட்டும் அசைத்துக் கூடவே பாடிக்கொண்டிருந்தாள். ஒருமுறை கேட்டதுமே பிடித்துக்கொள்வாள், அப்படிப்பட்ட ஞானம்.

பிறகு நாம் பாடினோம். எல்லாம் வழக்கம்போல். சீட்டுகளையும் படித்தேன். பந்தல் உபயம், சர்பத் உபயம், பூமாலை உபயம் என்று மேடைக்கு வருகிற சீட்டில் ஒரு பெயர்கூட விட மாட்டேன், இனிஷியலோடு படிப்பேன். இதில் என்னை அடிக்க இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. நடுவில் எவனோ கத்தினான்: "அந்தச் செருப்புப் பாட்டப் பாடுங்கவே." காது கேட்காத மாதிரி அடுத்த சீட்டை எடுத்தேன்.

மே 11, ஞாயிறு

ஒத்திகையில் எல்லாருக்கும் முன்னால் மனந்திறந்து சொன்னேன். "நல்லதை நல்லதுன்னு சொல்லணும். அந்தப் பால்வாடிப் பாட்டு ஒரு பாட்டுவே. எழுதினது யாருன்னு அந்த நர்ஸு பிள்ளைட்ட கேக்கணும்."

வடிவு டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்துவிட்டு, "நாந்தான் அண்ணாச்சி," என்றாள்.

நான் செல்லையாவைப் பார்த்தேன். அவன் டிரம்ஸ் திருகாணியை முறுக்க ஆரம்பித்தான்.

"அஞ்சு வருசத்துக்கு முன்னாடி கடையநல்லூருக்குப் போய்ட்டுத் திரும்பும்போது வேன்ல ஒங்கள்ட்ட பாடிக் காட்டினேன். ஞாபகம் இல்லையா?"

"இல்லையே."

"செருப்பு, மூக்குச்சளின்னு மேடையில பாடினா எவன் கேப்பான்னு சொன்னிய. செல்லையா அண்ணன்கூட இருந்தாவ."

செல்லையா அடுத்த திருகாணிக்குப் போனான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வேனில் பேசியதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள நான் என்ன கல்வெட்டா?

"நூத்தி நாப்பது பாட்டையும் நீங்க எடுத்துட்டிய. ஜெபசெல்வி எங்க தெரு. கடைசிப் பாட்டுக்கு ஒண்ணும் இல்லன்னு அழுதா. இத வச்சுக்கன்னு குடுத்துட்டேன். மேடையில என் பேரச் சொல்ல வேண்டாம்னு சொன்னதும் நாந்தான். நீங்க வருத்தப்படுவியன்னு."

"எனக்கு என்ன வருத்தம்?"

"அப்ப ஒண்ணு கேக்கேன் அண்ணாச்சி. நம்ம மேடையில நான் அதப் பாடணும். பாடுததுக்கு முன்னாடி, எழுதி மெட்டுப் போட்டது சண்முகவடிவுன்னு நீங்க மைக்ல சொல்லணும். அவ்வளவுதான். அவங்க என்னக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காவ. நம்ம குழுவ விட்டுப் போக எனக்கு மனசு இல்ல. இதச் செஞ்சா நான் இங்கதான் இருப்பேன்."

இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. "இதுக்கா இவ்வளவு பேச்சு. அடுத்த வாரம் கரிசலூர்க் கொடையிலயே பாடு," என்றேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஒரு குழுவை நடத்துகிறவனுக்குத் தாராள மனசு வேண்டும்.

மே 14, புதன்

ராத்திரிச் சாப்பாடுகூட ஆறிப்போகும்படி கீபோர்டில் உட்கார்ந்திருந்தேன். பாட்டுக்கு ஒரு முன்னிசை போட்டாயிற்று. சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் சத்தத்தில் ஓர் இழை சேர்த்தேன். இப்போதுதான் அது பாட்டு மாதிரி இருக்கிறது. நாலு வரியும் ஒரு மெட்டும் மட்டும் பாட்டாகிவிடுமா? வாத்தியம் சேர்க்க வேண்டும், மேடைக்குத் தகுந்தபடி செதுக்க வேண்டும். அதெல்லாம் யார் செய்கிறது?

தையல்காரர் ஞாயிற்றுக்கிழமை சட்டை தருகிறேன் என்றார். "பாடப்போறது வடிவு. ஒங்களுக்கு எதுக்குப் புதுச் சட்டை?" என்று பிரமு கேட்டாள். முழங்கால் வலியில் மனுஷிக்குச் சிடுசிடுப்பு அதிகமாகிவிட்டது.

மே 18, ஞாயிறு

ஒத்திகை. வடிவு அந்தப் பாட்டைப் பாடினாள். முன்னிசை நன்றாக இருக்கிறதா என்று நானே கேட்க வேண்டியிருந்தது. "நல்லாருக்கு அண்ணாச்சி. அந்தப் புல்லாங்குழல் மட்டும் வேண்டாமே," என்றாள். வைத்துக்கொண்டேன்.

மே 21, புதன்

நேற்று கரிசலூர். மறந்துபோனேன். முதலிலேயே எழுதிவிடுகிறேன், மறந்துபோனேன். மறதி யாருக்கு இல்லை?

பெயரைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன், அதனால் சொல்லக் கூடாது என்று நினைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. பதினோராவது பாட்டாக அதை வைத்திருந்தோம். அதற்குச் சற்று முன்னால் நாட்டாண்மை மேடைக்கு வந்து, "மேலப்புளியூர்ல ஒரு பாட்டு தூள் பறந்துச்சாமே, அது ஒங்க பாட்டா?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார். இரண்டாயிரம் பேர் என்னைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் மனுஷன் என்ன சொல்வான்? "ஆமா, நம்ம நயினார் மெல்லிசைக் குழுவோட சொந்தப் படைப்பு. இதோ ஒங்களுக்காக," என்றேன். முன்னிசையைத் தொடங்கிவிட்டேன். தொடங்கிய பிறகு நடுவில் நிறுத்திப் பெயர் சொல்வது இசைக்கு மரியாதை இல்லை.

வடிவு ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு பாடினாள். நேற்றுப் பாடின மாதிரி அவள் என்றைக்கும் பாடியதில்லை. முடிந்ததும் கைத்தட்டல் நிற்கவே இல்லை. அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன், சத்தியமாக எடுத்தேன். அதற்குள் நாட்டாண்மை சால்வையை என் தோளில் போட்டுவிட்டார். போட்ட சால்வையைக் கழற்றி இன்னொருவருக்குக் கொடுத்தால் அவரை அவமானப்படுத்தின மாதிரி ஆகும். அந்தக் கைத்தட்டலில் நிற்கிறபோது எப்படி இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அது எனக்குத்தான் என்று இருந்தது.

மீதிப் பதினாலு பாட்டையும் வடிவு ஒரு சுருதி பிசகாமல் பாடினாள். என்னோடு பாடவேண்டிய மூன்று ஜோடிப் பாட்டுகளையும் சிரித்த முகமாகப் பாடினாள். வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். தெருமுனையில் இறங்கி, "வாறேன் அண்ணாச்சி," என்றாள். கோபமாக இருந்தால் அப்படிச் சொல்வாளா?

மே 22, வியாழன்

வடிவு போன் எடுக்கவில்லை. அங்கன்வாடியில் வேலையாக இருப்பாள்.

மே 23, வெள்ளி

எடுக்கவில்லை.

மே 26, திங்கள்

நேற்று ஒத்திகைக்கு வரவில்லை. இன்று மதியம் கடையைப் பூட்டிவிட்டு அங்கன்வாடிக்கே போனேன். பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. வாசலிலேயே நின்று பேசினாள், உள்ளே கூப்பிடவில்லை.

"கூட்டத்துல பதறிப்போய் மறந்துட்டேன் வடிவு. அடுத்த மேடையில சொல்லிருதேன்."

"சர்பத்துக் குடுத்தவர் பேர மறந்தியளா அண்ணாச்சி?"

"அது சீட்டு வருது, படிக்கேன்."

"என் பேரும் சீட்டுல இருந்துச்சு. ஒங்க பையில. செல்லையா அண்ணன் சொன்னாவ."

செல்லையாவை நான் தம்பி மாதிரி நினைத்திருந்தேன்.

"பதினாலு வருசத்துல மேடையில என் பேர எத்தன தடவ சொல்லியிருக்கிய, யோசிச்சுப் பாருங்க. 'அடுத்து நம் பாடகி' அப்படின்னுதான் சொல்லுவிய. எங்க அம்மா ஒரு தடவ கச்சேரிக்கு வந்துட்டு, ஒனக்குப் பேரே இல்லையா பிள்ளன்னு கேட்டா. நான் சிரிச்சுட்டேன். இதுக்குப் போய்க் கோவப்படலாமான்னு இருந்துட்டேன்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை, பிள்ளைகள் தூங்குவதால். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும்.

"இப்ப என்ன செய்யணுங்க?" என்று கேட்டேன். அவளை நான் 'ங்க' போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை, அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. நான் அந்தப் பிள்ளைகளோட சேந்துட்டேன். நீங்க நல்லாருங்க."

உள்ளே ஒரு குழந்தை அழுதது, போய்விட்டாள். வீட்டுக்கு வந்து பிரமுவிடம் சொன்னேன், ஒரு குழுவை வளர்த்து ஆளாக்கினவனுக்கு இதுதான் நன்றி என்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "நீங்க செஞ்சது தப்பு," என்றாள். கீரையைத்தான் தொடர்ந்து ஆய்ந்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

புதுப் பாடகி ஒருத்தி வந்தாள். தென்காசிக்காரி. குரல் பரவாயில்லை, சுருதியில் நிற்கவில்லை. அவள் பெயரை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஆடிக் கொடைக்குக் கச்சேரி பேச ஆட்கள் வந்திருந்தார்கள். "அந்தச் செருப்புப் பாட்டு உண்டுல்லா அண்ணாச்சி?" என்று முதல் கேள்வி. அதைப் பாடுகிறவர் இப்போது நம்மிடம் இல்லை என்றேன். "அப்படியா, கமிட்டியில கலந்துட்டுச் சொல்லுதோம்," என்று எழுந்தார்கள். டீகூடக் குடிக்கவில்லை. நாம் வைத்திருக்கிற நூற்று நாற்பது பாட்டில் ஒன்றைக்கூட அவர்கள் கேட்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

செல்லையா ஒத்திகைக்கு வரவில்லை. காய்ச்சலாம்.

ஜூலை 13, ஞாயிறு

மெஷினுக்கு மை வாங்கத்தான் சங்கரன்கோவில் பக்கம் போனேன். ஞாயிற்றுக்கிழமை மை விற்கிற கடை திறந்திருக்காது என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது என்று பிரமுவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை.

ஒரு கல்யாண மண்டபத்தில் மாலை நாலு மணிக்குத் தறிச்சத்தம் கச்சேரி. முன்னால் பாட யாரும் இல்லை, பின்னால் பாடவும் யாரும் இல்லை, அவர்கள் மட்டும்தான். டிரம்ஸில் செல்லையா உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் தேவலை போல. நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்ந்தேன்.

வடிவு அந்தப் பாட்டைப் பாடினாள். முன்னிசை இல்லை, புல்லாங்குழல் இல்லை. அவள் சொன்னது சரிதான், அது வேண்டாம்தான். பாட்டுக்கு முன்னால் ஜெபசெல்வி மைக்கில், "எழுதி மெட்டுப் போட்டது எங்க சண்முகவடிவு அக்கா," என்றாள். சொல்ல மூன்று விநாடிகூட ஆகவில்லை. கையில் கடிகாரம் இருந்தது, பார்த்தேன்.

முடித்துவிட்டு வடிவு மைக்கைக் கையில் எடுத்தாள். மைக்செட்காரர் பெயரைச் சொன்னாள், மண்டபத்தில் காப்பி போட்ட அம்மா பெயரைச் சொன்னாள். எழுந்து போய்விடலாம் என்று செருப்பைத் தேடினேன். அப்போது சொன்னாள்:

"எனக்குப் பதினாலு வருசம் மேடை குடுத்தவங்க ஒருத்தங்க இருக்காங்க. மேலப்புளியூர், நயினார் மெல்லிசைக் குழு, பூ. சங்கரநயினார் அண்ணாச்சி. அவங்க இல்லன்னா நான் மைக்கையே பாத்திருக்க மாட்டேன். அவங்களுக்கு ஒரு கைத்தட்டு குடுங்க."

ஊர், குழு, இனிஷியல், ஒன்றையும் விடவில்லை. என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாளா, பார்க்காமல் சொன்னாளா என்று தெரியவில்லை. குத்திக்காட்டச் சொன்னாள் என்று எழுதத்தான் இந்த டைரியை எடுத்தேன். எழுத வரவில்லை. அவள் குரல் எனக்குத் தெரியும், பதினாலு வருஷம் பக்கத்தில் நின்று கேட்டவன். அவள் மனசாரத்தான் சொன்னாள். நடுரோட்டில் நிறுத்திக் காறித் துப்பியிருந்தால்கூட இவ்வளவு இருந்திருக்காது.

மண்டபமே தட்டியது. பக்கத்தில் இருந்த பெரியவர் தட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

"யாரோ நல்ல மனுசன் போல இருக்கு. தட்டுங்க சார்," என்றார்.

தட்டினேன்.